பிடரியில் வைக்கும் கட்டைவிரல்

பினாங்கின் பாலிக் புலாவில் கழுத்து வலியோடு வருபவர்களில் பெரும்பாலோர் இரண்டு வகை. அண்ணாந்து பார்த்தே வேலை செய்தவர்கள் ஒரு வகை. குனிந்து பார்த்தே வேலை செய்தவர்கள் இன்னொரு வகை. மலைச்சரிவெங்கும் ஜாதிக்காயும் கிராம்பும் டுரியானும் விளையும் ஊர் இது. நீளக் கழியின் நுனியில் கொக்கி மாட்டி ஜாதிக்காயைப் பறிப்பவர், காலை முழுக்க வானத்தைப் பார்த்தபடிதான் நிற்கிறார். மலையைத் தாண்டினால் பாயான் லெப்பாஸ். 1972இல் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து நம் வீட்டுப் பெண்கள் அங்கே மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தாடையைத் தாழ்த்தி, ஷிப்ட் முடியும்வரை சில்லுகளைச் சரிபார்க்கிறார்கள். இந்த இரண்டு கழுத்தும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் ஆகாது. பிசியோ படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வலி என்று நாங்கள் கணக்கு வைக்கிறோம். எங்களிடம் வருபவர்களுக்கு அது பெரும்பாலும் மூன்று வருடமாகியிருக்கும். அதற்குள் கோடாலித் தைலம், ஜாதிக்காய் எண்ணெய், சுளுக்கு வழிக்கும் பாட்டி, கம்பத்தில் ஊருட் எனும் மலாய் மசாஜ் செய்யும் மக்சிக் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். இவர்கள் யாரையும் நான் குறைத்துப் பேசுவதில்லை. சுளுக்கு வழிக்கும் கைகளில் பல என் கையைவிட மென்மையானவை. ஒன்றை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொல்வேன். முடிவெட்டி முடித்ததும் தலையை இரு கையால் பிடித்து 'படக்'கென்று திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கம் சில கடைகளில் இன்னும் இருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்பின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது அந்தக் குழாயின் சுவர் கிழிவது அரிது. ஆனால் கிழிந்தால் பக்கவாதம் வரக்கூடும்.

அதனால்தான் கை வைப்பதற்கு முன்னால் வாயால் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. கீழே விழுந்தீர்களா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறதா, படுத்தாலும் குறையாத ராத்திரி வலியா? பார்வை இரண்டாகத் தெரிகிறதா, பேச்சு குழறுகிறதா, விழுங்கச் சிரமமா, நின்றபடியே திடீரென்று விழுந்ததுண்டா? பிறகு சட்டைப் பித்தானைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். விரல் தடுமாறினாலோ கால் பின்னினாலோ தண்டுவடம் நெரிபடுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அந்தக் கழுத்தை நீங்கள் தொடக்கூடாது. கடிதம் எழுதி டாக்டரிடம் அனுப்புங்கள். இந்தக் கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் போகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பவருக்கு இந்தத் தொழில் வேண்டாம்.

என்னைப் பழக்கியவரை நாங்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பழைய டெலிபோன் புத்தகத்தின் தாளுக்கடியில் ஒரு தலைமுடியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தாளின் மேல் விரலை ஓட்டி முடி எங்கே இருக்கிறது என்று சொல்லச் சொல்வார். கண்டுபிடித்துவிட்டால் மேலே இன்னொரு தாள். பிறகு இன்னொன்று. எங்களுக்குச் சலிப்பாக இருக்கும், அவருக்கு இருந்ததில்லை. அது பழகிய பிறகுதான் தன் பிடரியைக் காட்டுவார். "ரெண்டாவது எலும்பு எங்கே? கீழே இறங்கு. ஆறாவது எங்கே? தலையை நிமிர்த்துறேன், விரலுக்கடியில ஒண்ணு உள்ளே நழுவுதா? அதுதான் ஆறு. நழுவாம நிக்கிறது ஏழு." இன்றும் எண்ணுவதற்கு எனக்கு இதைவிட நல்ல வழி தெரியாது.

கட்டைவிரல் அழுத்தம் என்று நாங்கள் சொல்வது ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மேட்லண்ட் வகுத்த முறை. நோயாளி குப்புறப் படுத்து, நெற்றியைத் தன் கைகளின் மேல் வைத்துக்கொள்வார். இரண்டு கட்டைவிரல் நுனிகளையும் எலும்பு முனையின் மேல் சேர்த்து வைத்து, நொடிக்கு இரண்டு முறை போல மெல்ல அழுத்தி அழுத்தி விட வேண்டும். இந்த அழுத்தத்தின் முதல் படியும் இரண்டாம் படியும் வலியை அடக்க. மூன்றும் நான்கும் இறுகிய மூட்டை இளக்க. படிகள் பரீட்சைத் தாளில் எல்லாருக்கும் வந்துவிடுகின்றன, கையில் வருவதற்குத்தான் காலம் பிடிக்கும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் விரல் சதையால் தள்ளுவார்கள். அப்படித் தள்ளினால் நோயாளிக்குக் குத்தும். தள்ளுபவருக்கு நாளடைவில் கட்டைவிரலின் அடிமூட்டு போய்விடும். இந்தத் தொழிலில் அந்த மூட்டு தேய்ந்தவர்கள் பலர். டீச்சர் பின்னால் வந்து நின்று எங்கள் முழங்கையைத் தொடுவார். "விரல் சும்மா இருக்கட்டும். தோளிலிருந்து எடை இறங்கட்டும்." கட்டிலின் உயரத்தை உங்கள் தொடைக்குச் சரியாக வையுங்கள், மார்பு நோயாளியின் கழுத்துக்கு நேர் மேலே வரட்டும், மூச்சை அடக்காதீர்கள். பாதி வேலை நிற்கும் நிலையிலேயே முடிந்துவிடும்.

நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் முறை வேறு. அதில் நோயாளி உட்கார்ந்திருப்பார், அசைவதும் அவரேதான். வலிக்கும் மட்டத்து எலும்பில் கட்டைவிரலை வைத்து, அவருடைய கண்ணை நோக்கி மேல்முகமாகச் சறுக்கியபடி பிடித்துக்கொண்டு, "இப்போ திரும்புங்க" என்கிறோம். எலும்பு திரும்பத் திரும்ப நம் விரலும் அந்தச் சரிவை விடாமல் கூடவே போக வேண்டும். அவர் திரும்பி முடித்துப் பழைய இடத்துக்கு வரும்வரை அழுத்தத்தை எடுக்கக்கூடாது. பாதியில் விட்டால் சுருக்கென்று குத்தும். இந்த முறையின் சட்டம் ஒன்றே: வலி இருக்கவே கூடாது. வலித்தால் கோணத்தை மாற்று, மட்டத்தை மாற்று. அப்படியும் வலித்தால் விட்டுவிடு. 'கொஞ்சம் பொறுத்துக்கோங்க' என்பது இங்கே செல்லாது.

எது நல்லது என்று பிள்ளைகள் கேட்பார்கள். லேசாகத் தொட்டாலே கூசுகிற கழுத்துக்கு மேட்லண்டின் முதல் இரண்டு படிகள்தான் சரி, படுத்த நிலையில் தசை தானாகத் தளரும். ஒரு குறிப்பிட்ட அசைவு மட்டும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றுபோகிறது என்றால் மல்லிகன். அதிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு அது நன்றாகப் பிடிக்கும். துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் ஹெல்மெட்டோடு திரும்பிப் பார்க்க முடியாதவர், கட்டிலில் படுத்துத் தளர்ந்து என்ன பயன்? உட்கார்ந்து திரும்பும்போது வலிக்காமல் இருக்க வேண்டும். அதை அந்த நொடியிலேயே அவருக்குக் காட்டிவிடலாம்.

வீட்டிலும் அதையே செய்ய ஒரு துண்டு போதும். பஞ்சு போல் தடித்த குளியல் துண்டு உதவாது, எலும்பில் கொளுவாமல் வழுக்கும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் மெல்லிய குட் மார்னிங் துண்டின் ஓரம் இதற்கென்றே நெய்தது போல இருக்கும். ஓரத்தை வலிக்கும் எலும்புக்குக் கீழே மாட்டி, திரும்பும் பக்கத்துக்கு எதிர்க்கையால் ஒரு முனையை மார்போடு இறுக்கிப் பிடித்து, மற்ற முனையைக் கன்னத்தின் வழியாகக் கண் மட்டத்துக்கு இழுத்தபடி திரும்ப வேண்டும். துண்டு கன்னத்தை அமுக்கினால் கோணம் தவறு. காதுக்குக் கீழே ஓட வேண்டியது காதின் மேல் ஏறினாலும் தவறு. சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. நம் எதிரிலேயே செய்ய வைத்துப் பார்த்து அனுப்ப வேண்டும்.

தலைவலியோடு வரும் கழுத்து தனி ரகம். நாள் முழுக்க நோட்டுப் புத்தகம் திருத்தும் ஆசிரியர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். பிடரியில் தொடங்கி ஒரு பக்கமாகவே கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும் வலி. இவர்களை மல்லாக்கப் படுக்க வைத்து, தாடை மார்பைத் தொடும் அளவுக்குக் கழுத்தை முழுக்க மடக்கி, அந்த மடக்கலை விடாமல் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். கீழெலும்புகள் பூட்டிக்கொள்ளும், முதல் இரண்டு எலும்புக்கு இடையிலிருக்கும் மூட்டு மட்டுமே திரும்பும். சாதாரணமாக நாற்பது பாகைக்கு மேல் போக வேண்டும். ஒரு பக்கம் முப்பதை ஒட்டி நின்றுவிட்டால் குற்றவாளி அங்கேதான். வெறும் உட்கார்ந்த நிலையில் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது பிடிபடாமலே போகும்.

கைக்கு இறங்கும் வலியையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. லாரி ஓட்டுபவர் ஒருவர், கழுத்தைவிடக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போவதுதான் தொல்லை என்று வந்தார். தலையை மரத்துப்போகும் கையின் பக்கம் சாய்த்து மேலிருந்து லேசாக அழுத்தினால் மின்சாரம் போல இறங்கியது. இரு கையாலும் தலையை மெல்லத் தூக்கிப் பிடித்தால் நின்றது. நரம்பு வேரின் பேச்சு இது. இங்கே கட்டைவிரல் அழுத்தத்தைவிட இழுவைதான் கைகொடுக்கும். டிராக்ஷன் இயந்திரம் இருந்தால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆரம்பத்திலேயே போகாதீர்கள். கழுத்து சற்று முன்னால் மடிந்த கோணத்தில் இருக்கட்டும். எனக்கு இயந்திரத்தைவிடக் கை இழுவை பிடிக்கும், தசை எப்போது விட்டுக்கொடுக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். இழுப்பது எளிது, விடுவதில்தான் வித்தை. கிணற்றில் வாளியை இறக்குவது போல, தண்ணீர் கலங்காமல் விட வேண்டும். சட்டென்று விட்டால் இழுத்ததெல்லாம் வீண், வலி இரட்டிப்பாகத் திரும்பும். அவருக்கு வாரத்துக்கு வாரம் கையின் பலத்தைச் சோதித்தேன். பலம் குறைந்துகொண்டே போனால் அது நம் எல்லையைத் தாண்டிய விஷயம். அவருக்குக் குறையவில்லை. கழுத்தில் மட்டும் வலியுள்ளவருக்கு இதே இழுவையைக் கொடுத்து நான் பெரிய பலன் கண்டதில்லை.

சூட்டு ஒத்தடம், டென்ஸ் எனும் மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட் பற்றியும் கேட்பீர்கள். ஒத்தடப் பையைப் பல மடிப்புத் துண்டில் சுற்றி இருபது நிமிடம் வைத்தால் இதமாக இருக்கும், இறுகிய ஆள் பேசத் தொடங்குவார். அதற்காக வைக்கிறேன். நாள்பட்ட கழுத்து வலி அல்ட்ராசவுண்டால் தீர்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இயந்திரத்தை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகும் பழக்கம் வந்துவிட்டால் கை மங்கிவிடும்.

இனி சொல்லப்போவதுதான் என் தீர்மானம். கை தரும் பலன் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். அந்த நேரத்துக்குள் கழுத்துக்கு வேலை கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் கட்டிலில் படுத்து எழுந்து போகும் கழுத்து, வருடக்கணக்கில் வந்துகொண்டேதான் இருக்கும். பயிற்சி செய்த கழுத்து ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திவிடும்.

பயிற்சியிலும் இரண்டு பள்ளிகள் உண்டு. குவெண்டலின் ஜல் என்ற ஆஸ்திரேலிய பிசியோவும் அவருடைய குழுவினரும் வளர்த்த முறையில், தொண்டைக்குப் பின்னால் எலும்பை ஒட்டி ஓடும் ஆழ்ந்த தசைகளை எழுப்புகிறோம். முழங்காலை மடித்து மல்லாந்து படுக்க வைத்து, பிடரிக்கடியில் அழுத்தமானியோடு கூடிய காற்றுப் பையை வைத்து, முள் 20 மி.மீ. பாதரசம் காட்டும்வரை காற்றேற்றி, 'ஆமாம்' என்று தலையாட்டுவது போல மெல்ல, மிக மெல்ல, ஆட்டச் சொல்கிறோம். முள் 22க்கு வர வேண்டும். பத்து நொடி நிற்க வேண்டும். பிறகு 24, 26, 28, 30. நாள்பட்ட வலிக்காரர்கள் பலர் 24ஐத் தாண்டுவதற்குள் முன்கழுத்தின் கயிறு போன்ற வெளித்தசை புடைத்துவிடும். முள் ஏறிவிட்டதே என்று புதிதாக வந்தவர்கள் மகிழ்வார்கள். நான் முள்ளைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தசையின் மேல் விரலை வைத்துப் பார்ப்பேன். அது மெத்தென்று இருந்தால்தான் கணக்கில் சேரும். உதடு மூடி, பல் ஒட்டாமல், நாக்கு மேலண்ணத்தில். இந்த மூன்றையும் சொன்னால் பாதிப் பேருக்கு ஏமாற்று வழி அடைபட்டுவிடும். கருவி இல்லாத இடத்தில் மடித்த துண்டும் உங்கள் விரலுமே போதும்.

இன்னொரு பள்ளி பளுப் பயிற்சி. ஃபின்லாந்தில் அலுவலகப் பெண்கள் 180 பேரை வைத்து ஒரு வருடம் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. ரப்பர் பட்டையை எதிர்த்துக் கழுத்துக்குப் பலம் ஏற்றியவர்களும், லேசான பளுவோடு நீண்ட பயிற்சி செய்தவர்களும் நன்றாகத் தேறினார்கள். நீட்டுப் பயிற்சியும் நடையும் மட்டும் செய்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. டென்மார்க்கில் 2011இல் வந்த இன்னோர் ஆய்வில், ரப்பர் பட்டையைப் பிடித்துக் கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சியைத் தினமும் 2 நிமிடம் பத்து வாரம் செய்தவர்களுக்கே வலி குறைந்தது. இதை வாசித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்ணிடம் அரை மணி நேரம் கேட்டால் கிடைக்காது. இரண்டு நிமிடம் கேட்டால் கிடைக்கும்.

மைக்ரோஸ்கோப் வேலை செய்யும் ஒரு தங்கச்சி இருந்தாள். கட்டைவிரல் அழுத்தத்தில் அன்று சரியாகிப் போவாள். ஷிப்ட் முடிந்தால் வலி திரும்ப வரும். அவளுடைய இரண்டு கைகளையும் தலையணை மேல் தூக்கி வைத்துவிட்டுக் கழுத்தைத் திருப்பச் சொன்னேன். கடிகாரம் வரை போனது. கையைத் தொங்கவிட்டுத் திருப்பினால் சன்னலைத் தாண்டவில்லை. அவள் கழுத்து தோளின் எடையைச் சுமந்துகொண்டிருந்தது. பிறகு கழுத்தை நான் அதிகம் தொடவே இல்லை. ரப்பர் பட்டை, தோள்பட்டைக்குப் பலம், வேலை மேசையில் முழங்கை தாங்கும் இடம், இவ்வளவுதான். மாறாக, ஜாதிக்காய் பறிக்கும் ஐயா ஒருவருக்குத் தோளில் பலத்துக்குக் குறைவில்லை. நிமிர்த்தும்போது கீழ்க்கழுத்து ஒரே இடத்தில் மடிந்தது, முதுகு பலகையாக நின்றது. அவருக்கு முதுகெலும்பின் மேல்பாகத்தை இளக்கிவிட்டு, நிமிர்ந்து இறங்கும்போது தாடையை முதலில் இழுத்து, பிறகு தலையைக் கொண்டுவரப் பழக்கினேன். "மரத்தை விட்டு ரெண்டு அடி தள்ளி நில்லுங்க ஐயா" என்றும் சொன்னேன். கழி நீளம்தானே, எட்டும். அந்த இரண்டடி தந்த பலனை என் விரல்கள் தந்திருக்க முடியாது.

சன்னல், கடிகாரம் என்றேன். எங்கள் அறையில் ஸ்டூல் எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கும். உட்கார்ந்து வலப்பக்கம் திரும்பினால் முதலில் சன்னல், பிறகு கடிகாரம், முழுக்கத் திரும்பினால் சாமிக் காலண்டர். எந்த முறையைக் கையாண்டாலும், செய்வதற்கு முன் ஒருமுறை, செய்து முடித்து உடனே ஒருமுறை திரும்பச் சொல்வேன். "கடிகாரம் வரைக்கும் தெரியுதுக்கா" என்று அவரே சொன்னால் அந்த முறையைத் தொடர்கிறேன். சன்னலிலேயே நின்றால் முறையை மாற்றுகிறேன், அது எவ்வளவு பெரியவர் வகுத்ததாக இருந்தாலும். டீச்சர் எங்களைத் திட்டியதெல்லாம் இதற்காகத்தான். "செஞ்சியே, பார்த்தியா?" என்று கேட்பார். பார்க்கவில்லை என்றால் செய்யாததாகவே கணக்கு.

கற்க வரும் பிள்ளைகளுக்கு இவ்வளவு சொல்கிறேன். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், உள்ளங்கையைச் சூடாக்கிக்கொண்டு தொடுங்கள். ஒரு நாளில் ஒரு முறையை மட்டும் சோதியுங்கள்; பல முறைகளைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று உங்களுக்கே தெரியாது. வீட்டுப் பயிற்சி இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. அதற்கு மேல் எழுதிக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. சம்பளம் குறைவாக இருந்தாலும், உங்கள் கையைப் பிடித்துத் திருத்த ஒரு மூத்தவர் இருக்கும் இடத்தில் முதல் வருடத்தைக் கழியுங்கள். தன் பிடரியை நீட்டி "அழுத்து பார்க்கலாம்" என்று சொல்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.